சுட்டுப் பார்க்காத ஸ்கோப்

1. முடிய முதலே வந்த ‘யா’

ஒஸ்லோவில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையின் பின் அறையில் நான் பல வருஷம் வேலை செய்தேன். வேட்டைத் துவக்கில் குறி பார்க்கப் பூட்டுகிற ஸ்கோப் பழுதாகி வந்தால் அதைக் கழற்றிச் சோதித்து வாரண்டிக்கு அனுப்புவதும், திரும்பி வந்ததும் பூட்டிக் கொடுப்பதும் என் வேலை. எத்தனையோ பழுதான ஸ்கோப் என் கையால் போய் வந்தன. ஆனால் இந்த வேலையில் எதை மறக்க முடியாது என்று யாராவது கேட்டால், பழுதே இல்லாத ஒரு ஸ்கோப் தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் ஒன்று. செப்டெம்பர் முடிகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். எல்க் மான் வேட்டை தொடங்க முந்திய கிழமை எங்கள் கடை சந்தை மாதிரி இருக்கும். முதலாளி ரோல்ஃப் முன் கவுண்டரில் நின்று, எங்கள் கடைக்கு வந்து போகிற அருள்தாஸ் அண்ணையிடம் அவருடைய துவக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பின் அறையில் டெலிபோனைக் காதில் வைத்தபடி, ஸ்கோப் இறக்குமதி செய்கிற கொம்பனி பதில் சொல்லும் என்று காத்திருந்தேன். கதவு திறந்து கிடந்தபடியால் அவர்கள் கதைப்பது கேட்டது.

ரோல்ஃப் துரொண்ட்ஹெய்ம் பக்கத்து ஆள். எங்களுக்கு வகுப்பில் படிப்பித்த நொர்ஸ்க் மொழி வேறு, அவருடைய நொர்ஸ்க் வேறு. பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். அவசரம் என்றால் முக்கால்வாசியையும் விழுங்குவார். அன்று கவுண்டருக்கு முன்னால் வரிசையில் ஆட்கள் பொறுமை இல்லாமல் நின்றார்கள்.

ரோல்ஃப் ஒன்று சொன்னார். அருள் அண்ணை “யா”, அதாவது ஓம், என்றார். இன்னொன்று சொன்னார். “யா, யா.” மூன்றாவதை ரோல்ஃப் சொல்லி முடிக்கவில்லை, அதற்கு முதலே ‘யா’ வந்துவிட்டது.

“விளங்கினதோ?” என்று ரோல்ஃப் கேட்டார்.

“விளங்கினது, விளங்கினது.”

போகிற போக்கில் அருள் அண்ணை என் கதவுக்குள் தலையை நீட்டினார். “தம்பி, கடைக்காரர் நேராக்கித் தந்திட்டார். இனி மான் பாடு, என்ரை பாடு!” என்று சிரித்தார். நானும் கையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து டெலிபோனில் ஆள் வந்துவிட்டது.

கதைத்து முடித்து டெலிபோனை வைத்த பிறகு தான் அருள் அண்ணை சொன்னது உறைத்தது.

நேராக்கித் தந்திட்டாரோ?

2. சுவர் வேறு, காடு வேறு

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று விளங்க, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரில் துவக்கைக் கண்டால் எதிர்ப் பக்கம் ஓடின ஆள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரோல்ஃப் ஒரு துவக்கை மேசையில் வைத்தபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. பின் பக்க இரும்பைக் கழற்றி எடுத்துவிட்டு, “இப்ப இது வெறும் குழாய். இதுக்குள்ளாலை பார்” என்றார்.

பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடமும், அதன் சுவரில் ஒரு சின்னக் காற்றுத் துளையும் தெரிந்தன. ஸ்கோப் பூட்டும்போது அந்தத் துளையைத் தான் குறியாக வைப்போம். குழாய்க்குள்ளால் பார்த்தாலும் துளை தெரிய வேண்டும், ஸ்கோப்பின் சிலுவைக் கோடும் அதே துளையில் நிற்க வேண்டும். இது வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற மாதிரி. உள்ளே போவது சொந்தக்காரரின் வேலை. அவர் சுடும் இடத்துக்குப் போய், நூறு மீட்டரில் குறி போட்ட மட்டையை வைத்துச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, ஸ்கோப்பின் குமிழைத் திருப்பிச் சரியாக்க வேண்டும். செய்யாவிட்டால் நூறு மீட்டரில் முழங்கை நீளத்துக்குக் கூட விலகிப் போகும். மானின் நெஞ்சுக்கு வைத்த குண்டு வயிற்றில் விழும். காயப்பட்ட மான் காட்டுக்குள் ஓடிப் படுத்துச் சாகும். குழுவில் உள்ளவர்கள் நாயோடு நாள் முழுக்கத் தேட வேண்டும். இந்த நாட்டு வேட்டைக்காரருக்கு அதைவிட வெட்கக்கேடு இல்லை.

அருள் அண்ணை மன்னார் ஆள். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை. அவரோடு வேலை செய்த ஒட்வார் என்பவர் ஒரு வேட்டைக் குழுவின் தலைவர். சில வருஷமாக அருள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய், துவக்கு இல்லாமல், சத்தம் போட்டு மானைக் கலைக்கிற வேலை கொடுத்திருந்தார். பிறகு அருள் அண்ணை வேட்டைச் சோதனை எழுதி, பொலிஸில் அனுமதி எடுத்து, துவக்கும் வாங்கினார். ஐம்பது வயதில். துவக்கோடு போகிற முதல் வருஷம் அது. எங்கள் ஆட்கள் கோயிலிலும் கலியாண வீட்டிலும் பகிடி பண்ணுவார்கள். “என்ன அருள், மான் உம்மைக் கண்டு வணக்கம் சொல்லுதோ?” என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு போவார். ஆனால் அந்தக் குழுவில் ஒரு இடம் கிடைத்தது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

துவக்குக்குப் போக மிஞ்சிய காசில் அவர் வாங்கியது மலிவான ஸ்கோப். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு தான் ஓகஸ்டில் என்னிடம் வந்தார்.

“தம்பி, மழைக்கை ஒருக்கா நிண்டனான். உள்ளுக்கை பனிப்புகார் மாதிரிக் கிடக்கு. நான் ஒண்டும் செய்யேல்லை, சத்தியமா.”

இந்த வேலையில் நான் கண்டது, விலை கூடின ஸ்கோப்காரர் கோபத்தோடு வருவார், விலை குறைந்த ஸ்கோப்காரர் வெட்கத்தோடு வருவார். பழுது இரண்டுக்கும் ஒன்று தான். ரோல்ஃப் முதலில் நம்பவில்லை. வீட்டில் திருகாணியைக் கழற்றி உள்ளே துடைத்துப் பார்க்கிற ஆட்கள் உண்டு. ஈரமான ஸ்கோப்பை விறகு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, பிறகு ‘தானாப் பழுதாப் போச்சு’ என்று வருகிற ஆட்களும் உண்டு. நான் இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் அதை அமத்திப் பிடித்தேன். மேல் குமிழடியில் இருந்து ஒவ்வொன்றாகக் குமிழி கிளம்பியது. உள்ளே அடைத்திருந்த காற்று வெளியேறுகிறது. திருகாணி தொடாமல் இருக்கிறது. கொம்பனியின் பிழை தான். ரோல்ஃப் பார்த்துவிட்டு, “அனுப்பு” என்றார்.

அனுப்பினோம். கொம்பனி பேசாமல் இருந்தது. அருள் அண்ணை ஒவ்வொரு கிழமையும் டெலிபோன் அடிப்பார். “தம்பி, என்ரை கண் வந்திட்டுதோ?” வரவில்லை. வேட்டை நெருங்கிவிட்டது. கடைசியில் ரோல்ஃப் கடையில் இருந்த நல்ல ஸ்கோப் ஒன்றை இரவலாகக் கொடுக்கச் சம்மதித்தார். அதை நான் தான் பூட்டினேன். சுவரில் உள்ள துளையைப் பார்த்து நான் தான் நேராக்கினேன். கொடுக்கும்போது சொல்ல வேண்டியதை ரோல்ஃப் சொன்னார்.

அதற்குத் தான் அந்த ‘யா’.

3. ‘அவர் ஓம் எண்டவர்’

நான் உடனே அருள் அண்ணையின் கைத்தொலைபேசிக்கு அடித்தேன். இணைப்பு இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. வீட்டுக்கு அடித்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

“அவர் கடையிலை இருந்தே நேரா மலையிலை இருக்கிற வேட்டைக் குடிலுக்குப் போயிட்டார் தம்பி. சாமான் எல்லாம் காருக்கை தானே. அங்கை போன் வேலை செய்யாது. ஏன், ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை அக்கா, சும்மா தான்” என்றேன். அவரும் பயந்தால் பயந்த ஆட்கள் இரண்டாகும்.

ரோல்ஃப் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“நான் அவருக்குச் சொன்னனான். சுட்டுச் சரிபார்க்காமல் வேட்டைக்குப் போகக் கூடாதெண்டு. அவர் ஓம் எண்டவர். நீயும் கேட்டனி தானே?”

“கேட்டனான். ஆனா நீங்கள் சொல்லி முடிக்க முதலே ஓம் எண்டவர்.”

“அதாலை?”

அதை எப்படி விளங்கப்படுத்துவது? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் எல்லாவற்றுக்கும் ‘யா’ சொன்னவன். பின்னால் ஆட்கள் நிற்கும்போது “திருப்பிச் சொல்லுங்கோ” என்று கேட்பது பெரிய வெட்கம். பெரியவர் ஒருத்தர் மினக்கெட்டுச் சொல்லும்போது விளங்கவில்லை என்றால் மரியாதைக் குறைவு. அந்த ‘ஓம்’ விளங்கினதுக்குச் சொல்கிற ஓம் இல்லை. உங்களுக்குக் கரைச்சல் தர மாட்டேன் என்று சொல்கிற ஓம்.

“அப்ப குழுத் தலைவருக்கு அடிச்சுச் சொல்லு” என்றார் ரோல்ஃப்.

அதைத் தான் என்னால் செய்ய முடியவில்லை. ஒட்வாரின் வீட்டு நம்பரை எடுத்திருக்கலாம், யாரோ ஒருத்தர் மலைக்குச் செய்தி கொண்டுபோயிருப்பார். ஆனால் கடையில் இருந்து அடித்து ‘உங்களுடைய ஆளுக்குத் துவக்கைச் சரிபார்க்கத் தெரியாது’ என்று சொன்னால், அடுத்த நிமிஷம் அருள் அண்ணையின் கையில் துவக்கு இருக்காது. திரும்பவும் சத்தம் போட்டு மான் கலைக்கப் போக வேண்டியது தான். அதுவும் ஆறேழு பேருக்கு முன்னால்.

“நீ எல்லாத்துக்கும் யோசிக்கிறாய்” என்று ரோல்ஃப் கடை பூட்டின திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். “ஒரு திருகாணியை மூண்டு தரம் இறுக்கிற ஆள் நீ. வீட்டை போ.”

என் வீடு இருக்கிற ரொம்மனுக்குப் போகிற ரயிலில் இருந்து யோசித்தேன். ஒருவேளை அவருக்கு விளங்கியிருக்கும். சோதனை எழுதிப் பாஸ் பண்ணின ஆள் தானே. ஆனால் ‘நேராக்கித் தந்திட்டார்’ என்று ஏன் சொன்னார்?

வேட்டை திங்கட்கிழமை காலை தொடங்கும். சனிக்கிழமை முழுக்க நான் வீட்டில் ஒரு இடத்தில் இருக்கவில்லை. மனைவி வசந்தி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இஞ்சாருங்கோப்பா, ஊரிலை இருக்கிற எல்லாருக்கும் கவலைப்பட உங்களைத் தான் சம்பளத்துக்கு வைச்சிருக்கினமோ?”

சொன்னேன். கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் வெட்டினாள். பிறகு கத்தியை வைத்தாள்.

“காரிலை போனா எவ்வளவு நேரம்?”

“மூண்டு மணித்தியாலம் வரும்.”

“அப்ப நாளைக்கு விடிய வெளிக்கிடுங்கோ. இல்லாட்டி இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. வெறுங்கையோடை போகாதையுங்கோ, ரோல்ஸ் பொரிச்சுத் தாறன். ஏன் வந்தனி எண்டு கேட்டா அதைக் காட்டலாம்.”

4. மணல் கிடங்கில்

இரவு திரும்ப அடித்துக் கேட்டபோது அருள் அண்ணையின் மனைவி சொன்ன வழி சரியாக இருந்தது. பெற்றோல் செட்டைத் தாண்டித் திரும்பி, பிறகு மண் ரோட்டில் ஏறினேன். கார் கீழ் இடிக்க இடிக்கப் போனேன். வழி முழுக்க நொர்ஸ்கில் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

குடிலுக்கு முன்னால் ஆட்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அருள் அண்ணை என்னைக் கண்டதும் கையில் இருந்த கட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“என்ன தம்பி? ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. வீட்டிலை எல்லாரும் சுகம்.”

“பின்னை ஏன் வந்தனீர்?”

அவரைக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ரோல்ஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். “அண்ணை, துவக்கைச் சுட்டுப் பாத்தனீங்களோ?”

“ஏன் சுடோணும்? கடைக்காரர் நேராக்கினவர் தானே? முந்தின ஸ்கோப்பை வாங்கின உடனை சுட்டுச் சரிபாத்தனான்.”

“அது கழட்டின ஸ்கோப் அண்ணை. இது வேறை. இதை நான் சுவரைப் பாத்து நேராக்கினனான், அவ்வளவு தான். கழட்டிப் பூட்டினா பழைய கணக்கு ஒண்டும் நிக்காது. சுட்டுப் பாக்காமல் மானுக்கு வைக்கேலாது.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது தான். ஆனால் என் மேல் இல்லை.

“நேற்று ஒட்வார் எல்லாரையும் கேட்டவர், சுட்டுச் சரிபாத்திட்டியளோ எண்டு. நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.” குரல் இறங்கிவிட்டது. “இனி எந்த மூஞ்சையோடை இல்லையெண்டு சொல்லுறது? பொய் சொன்னவன் கையிலை துவக்குக் குடுப்பானோ? ஐசே, நீர் பேசாமல் போம். நான் சுடாமல் இருந்திட்டு வாறன். மான் வந்தாலும் சுடமாட்டன், போதுமோ?”

“மான் முன்னுக்கு வந்து நிண்டா, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க, சுடாமல் இருப்பியளோ?”

அவர் குடில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் ஒட்வார் வந்துவிட்டார். பெரிய மனிதர், நரைத்த தாடி. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏதும் நடந்ததோ?” என்று நொர்ஸ்கில் கேட்டார்.

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“நான் ஸ்கோப் கடையிலை வேலை செய்யிறன். இவருடைய ஸ்கோப் வாரண்டிக்குப் போயிருக்கு. நாங்கள் இரவல் ஸ்கோப் குடுத்தா, கடை ஆள் ஒருத்தர் பக்கத்திலை நிண்டு சுட்டுப் பாக்கோணும். கடைச் சட்டம். வெள்ளிக்கிழமை சனத்துக்குள்ளை அது தவறிப்போச்சு.”

“இதுக்காகவோ ஒஸ்லோவிலை இருந்து வந்தனி?”

“ஓம்.”

“நான் இந்தச் சட்டத்தைக் கேள்விப்படேல்லையே.”

“இந்த வருஷம் தான் வந்தது” என்றேன். ரோல்ஸ் பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன்.

ஒட்வார் அதை வாங்கிக்கொண்டார். பிறகு, குடிலுக்குப் பின்னால் மணல் அள்ளின பள்ளமாகக் கிடந்த மணல் கிடங்கைக் கையால் காட்டினார்.

கிடங்கின் மறு முனையில் மண் மேட்டுக்கு முன்னால் ஒரு மட்டையை நட்டார்கள். குழுவில் உள்ள மற்றவர்களும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அருள் அண்ணை படுத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டார். சத்தத்துக்கு நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது ஒட்வார் தொலைநோக்கியால் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார்.

மட்டையில் ஓட்டையே இல்லை.

“இன்னுமொண்டு” என்றார்.

அதுவும் இல்லை. பின்னால் மண் மேட்டில், மட்டைக்கு இடப் பக்கம் தள்ளித் தூசி கிளம்பியதை எல்லாரும் கண்டார்கள். ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நேற்று ‘ஓம், சரிபார்த்துவிட்டேன்’ என்று சொன்ன மனிதர் மண்ணில் படுத்துக் கிடந்தார். எழும்பவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவருடைய காது சிவந்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஒட்வார் தொலைநோக்கியை இறக்கினார். அருள் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நான் வந்த ரோட்டைப் பார்த்தார்.

“ரோட்டு மோசம்” என்றார். “காருக்கை கிடந்து குலுங்கியிருக்கும்.”

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “உங்கடை துவக்குகளும் அதே ரோட்டாலை தான் வந்தது. போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. என்ரையும் எடுங்கோ” என்றார்.

அவருக்கு விளங்கியதா, இல்லையா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்து தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன்.

மட்டையைக் கிட்டக் கொண்டுவந்து சுட்டு, குமிழைத் திருப்பி, திரும்பத் தூரத்தில் வைத்துச் சுட்டோம். கடைசி மூன்று குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடுகிற அளவுக்குள் விழுந்தன. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு சுட்டார்கள். அவர்களுடையது எல்லாம் சரியாகத் தான் இருந்தது. அருள் அண்ணை நான் வெளிக்கிடும் வரை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கார்க் கதவை மூடும்போது மட்டும், “பாத்துப் போம்” என்றார்.

5. ரோல்ஃப் கேட்டது

செவ்வாய்க்கிழமை ரோல்ஃப் பின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் கண்டதில்லை.

“ஒட்வார் எண்டு ஒருத்தர் பெற்றோல் செட்டிலை இருந்து கடைக்கு அடிச்சவர். எங்கடை புதுச் சட்டம் நல்ல சட்டமாம். எந்தச் சட்டம்?”

வேலை போய்விட்டது என்று தான் நினைத்தேன். நடந்தது முழுக்கச் சொன்னேன். முதல் இரண்டு குண்டும் மட்டையில் படவில்லை என்றபோது தான் அவருடைய முகம் மாறியது. என் மேசையின் விளிம்பில் இருந்தார்.

“மட்டையிலையே படேல்லையோ?”

“படேல்லை.”

“நான் சொன்னனான் தானே அவருக்கு” என்றார். ஆனால் இந்தமுறை அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்குத் தானே சொன்னார். பிறகு எழும்பினார். “கடையின்ரை பேரிலை இனி ஒரு சட்டமும் உண்டாக்காதை. என்னைக் கேட்டிட்டு உண்டாக்கு.”

கொஞ்ச நாளைக்குப் பிறகு, முன் கவுண்டரில் அவர் ஒரு நொர்வேஜிய வாடிக்கையாளரிடம் துவக்குக் கொடுப்பதைக் கேட்டேன். அந்த ஆளும் “யா, யா” என்று தலையாட்டினார். ரோல்ஃப் துவக்கை விடவில்லை. “சரி, இப்ப நீ எனக்குச் சொல்லு. இதைக் கொண்டுபோய் முதலிலை என்ன செய்வாய்?” என்று கேட்டார். அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “துடைச்சு அலுமாரிக்கை வைப்பன்” என்றார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த நாட்டில் தான்.

சேர்விஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது தான். சாமான் ஸ்கோப்பாக இருக்கட்டும், மருந்தாக இருக்கட்டும், மெஷினாக இருக்கட்டும், கொடுக்கும்போது ‘விளங்கினதோ’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தான் உண்டு. வாங்குகிறவரின் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு வெட்கம் வராத மாதிரி, கடைச் சட்டம் என்று சொல்லிக் கேளுங்கள். நான் இப்போதும் திருகாணியை மூன்று தரம் இறுக்குகிற ஆள் தான். அது என் குணம், அதைப் பழகச் சொல்லவில்லை. இதைப் பழகுங்கள்.

கொம்பனி பழைய ஸ்கோப்பைத் திருத்தவில்லை, புதுசாக ஒன்று அனுப்பியது. அது வந்து சேர மார்கழி ஆகிவிட்டது, வேட்டை முடிந்துவிட்டது. அருள் அண்ணை எடுக்க வந்தார். மணல் கிடங்குக்குப் பிறகு அன்று தான் கண்டேன்.

“மான் கிடைச்சதோ அண்ணை?”

“எங்கை! ஒரு கிழமை முழுக்கக் குந்திக்கொண்டு இருந்தனான், என்ரை பக்கம் ஒரு வாலும் வரேல்லை. முயல் ஒண்டு வந்து என்னைப் பாத்திட்டுப் போச்சு.” சொல்லிவிட்டு, ஸ்கோப்பை எடுத்துப் பார்த்தார். “வாற வருஷமும் வரச் சொல்லி ஒட்வார் சொன்னவர். துவக்கோடை தான்.”

நான் வாயைத் திறக்க முதல் அவரே விரலை மடித்துக்கொண்டு தொடங்கினார். “பூட்டுறது. சுவரைப் பாத்து நேராக்கிறது. அது மட்டும் காணாது. மட்டையைக் கிட்ட வைச்சுச் சுடுறது. பேந்து நூறு மீட்டரிலை சுடுறது. குமிழைத் திருப்புறது. திரும்பச் சுடுறது.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “விளங்கினதோ எண்டு கேக்கமாட்டீரோ?”

“கேக்கமாட்டன் அண்ணை.”

“ஏன்?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போடுவியள்.”

அவர் சிரித்த சத்தத்துக்கு, முன் கவுண்டரில் நின்ற ரோல்ஃப் கதவால் எட்டிப் பார்த்தார்.